சுண்ணாம்பு என்று சொன்னேன்

நெஞ்சு நோய் கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டர் எங்கள் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். கலவை அறையில் வேலை செய்யும் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் எந்தத் தூளோடு வேலை செய்கிறார் என்று கேட்டார். சுண்ணாம்புக்கல் தூள் என்றேன். அது பொய். அவர் வேலை செய்தது சிலிக்காவோடு. மணலை மாவாக அரைத்த தூள். மூச்சோடு உள்ளே போனால் அது நுரையீரலை விட்டு வெளியே வராது. இது எனக்குத் தெரியும். அந்தத் தூளை அந்த அறைக்குள் கொண்டுவந்ததும் நான்தான்.

இதை வீட்டில் சொன்னால், "அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. தெரியாமல் செய்தவனுக்குச் சொல்லவேண்டிய ஆறுதல் அது. நான் தெரிந்து செய்தேன். அந்த வித்தியாசத்தை யாரும் மழுப்பக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் தொழில்நுட்ப மேலாளர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, மண்ணில் மட்கிப்போகும் பிளாஸ்டிக்கில் கோல்ஃப் முளைகள் வேண்டியிருந்தன. கோல்ஃப் ஆடுகிறவர்கள் புல்லில் ஒரு சின்ன முளையைக் குத்தி, அதன் தலையில் பந்தை வைத்து அடிப்பார்கள். அடித்த வேகத்தில் முளை எங்கோ போய் விழும். குனிந்து பொறுக்க மாட்டார்கள். அது தானாக மட்கிவிட்டால் புல்தரை அழகாக இருக்கும். இவ்வளவும் இதற்காகத்தான். ஒரு மனிதனுக்கு மூச்சு போனது எதற்காக என்று கேட்டால், பணக்காரர்கள் குனியாமல் இருப்பதற்காக என்றுதான் நான் பதில் சொல்லவேண்டும்.

மட்கும் பிளாஸ்டிக் அப்போது விலை அதிகம். மெழுகைப் போல மென்மையாகவும் இருக்கும். அதில் கல்தூளைக் கலந்தால் விலை குறையும், விறைப்பும் வரும். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தூள் மலிவாகக் கிடைத்தது. கலந்து வார்த்தோம். முளை முதல் அடியிலேயே ஒடிந்தது. ஒடிந்த துண்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஒவ்வொரு கல்துகளும், அவித்த முட்டையிலிருந்து மஞ்சள் கரு உருண்டு வருவதைப் போல, தன் குழியிலிருந்து சுத்தமாகக் கழன்று வந்திருந்தது. பிளாஸ்டிக்குக்கும் கல்லுக்கும் இடையே பிடிப்பே இல்லை.

அந்தப் பிடிப்பை உண்டாக்க சிலேன் என்றொரு திரவம் இருக்கிறது. தூளின் மேல் தெளித்துச் சூடாக்கினால் அதன் ஒரு முனை கல்லைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை பிளாஸ்டிக்கோடு சேரும். ஆனால் சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பில் அது பற்றிக்கொள்ள அநேகமாக ஒன்றும் கிடையாது. சிலிக்காவில் உண்டு. நான் இங்கே படிப்புக்குப் பேர்போன சிலோன் தமிழர் கூட்டத்தைச் சேர்ந்தவன், லண்டனில் படித்தவன். அங்கே முதலில் கற்ற பாடங்களில் இது ஒன்று. சிலிக்கா மாவை வரவழைத்தேன். சிலேன் தெளித்துக் கலந்து வார்த்த முதல் முளை ஒடியவில்லை, வளைந்தது. நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வொரு துகளின் மேலும் பிளாஸ்டிக் நார்நாராக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். என் மனைவியிடம்கூடக் காட்டினேன். "கரப்பான்பூச்சிக் கால் மாதிரி இருக்கு" என்றாள்.

அதே லண்டனில் இன்னொரு பாடமும் நடந்தது. சிலிக்கா மாவை மூச்சில் இழுத்தவர்களின் நுரையீரலில் தழும்பு விழும், தழும்பு பரவும், மருந்து கிடையாது. வகுப்பில் எக்ஸ்ரே படங்களைக் காட்டினார்கள். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன், பரீட்சையிலும் எழுதினேன். முதல் பாடத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டேன். மறக்கவில்லை, விட்டேன்.

கலவை அறைக்குத் தூசியை இழுத்து வெளியேற்றும் குழாய் வேண்டும் என்று முதலாளியிடம் ஒருமுறை கேட்டேன். ஆர்டர் உறுதியாகட்டும் என்றார். ஆர்டர் உறுதியானபின் நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் தூளைப் பற்றிப் பேச்சு வரும், யாராவது சிலிக்காவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், என் படம் வீணாகிவிடும் என்று பயந்தேன். நான் கலவை அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பவன். தூள் அந்தப் பக்கம் பறந்தது.

அந்தப் பக்கம் நின்றவரை நான் தம்பி என்று கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். முப்பது வயதைத் தாண்டியவர், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். மனைவி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாங்கள் இருவருமே ஜார்ஜ் டவுன்வாசிகள். காலையில் காரை வீட்டில் விட்டுவிட்டு, அவரோடு ஒரே ஃபேரியில் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குக் கடந்து, அங்கிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் வேலைக்குப் போவேன். தொழிற்சாலைக்குள் சார், மோட்டாரில் அண்ணே.

சிலிக்கா வந்த அன்று அவர் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்தார்.

"சார், இது பழைய மாவு மாதிரி இல்லியே. ரொம்ப நைசா இருக்கு. மூக்குக்குள்ளயே போவுது."

"கல்லு மாவுதான் தம்பி. வேற ஊர்க் கல்லு."

"வெளிநாட்டுக் கல்லா? அப்ப சம்பளமும் வெளிநாட்டுச் சம்பளம்லா?"

கூட வேலை செய்த இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆளுக்கொரு காகித முகமூடி கொடுத்தேன். மாவுத்தூசியை அது தடுக்காது என்று எனக்குத் தெரியும். வியர்வையில் அது நனைந்து கிழிந்ததும் அவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மோட்டாரில் அவருடைய இருமலை நான் முதலில் கேட்கவில்லை, உணர்ந்தேன். பிடித்துக்கொண்டிருந்த முதுகு என் கைக்குள் குலுங்கியது.

"சிகரெட்ட விடு தம்பி."

"சிகரெட்டா? கல்யாணத்துக்கு முன்னாடியே விட்டாச்சு அண்ணே. இவ விட வச்சிட்டா."

பிறகு ஃபேரியின் படிகளில் நின்று நின்று ஏற ஆரம்பித்தார். உடம்பு இளைத்தது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலின் மேல்பகுதியில் பொட்டுப் பொட்டாக நிழல். காசநோயிலும் அப்படித்தான் தெரியும். சளியில் கிருமி அகப்படவில்லை என்பதால் டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். சந்தேகப்பட்ட நல்ல டாக்டரின் வாயை நான் ஒரு பொய்யால் அடைத்தேன். சுண்ணாம்புத் தூளால் நுரையீரலில் அப்படிப் பொட்டுகள் விழாது. ஆகவே காசநோய் என்றே முடிவு செய்து மருந்து தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் காசநோயை எப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாமியார் வந்து குழந்தையைத் தன் ஊரான சுங்கைப் பட்டாணிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மனைவியின் தங்கைக்கு வந்த சம்பந்தம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலையில் அவருக்கு நீண்ட விடுப்புக் கொடுத்தார்கள். மற்ற இருவரும் அதே அறையில், அதே மாவில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. காசநோய் என்று டாக்டரே சொல்லிவிட்டார், ஒருவேளை காசநோயாகவே இருக்கலாம் என்று ஃபேரியில் தனியாக நின்றுகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். இங்கே தீபாவளி என்றால் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். உறவினர், பக்கத்து வீட்டு மலாய்க்காரர், கூட வேலை செய்யும் சீனர் எல்லாரும் வருவார்கள். சாப்பிடாமல் யாரும் போகமாட்டார்கள். நான் போனது பிற்பகல். அடுக்குமாடியில் மற்ற வீடுகளின் வாசல்களில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவர் வாசலில் ஒன்றும் இல்லை. உள்ளே கோழிக்கறி, இட்லி, முறுக்கு, அதிரசம் எல்லாம் மேசையில் மூடி வைத்திருந்தது. வருகிறவர்கள் பயப்படக்கூடாது என்று அவர் மனைவி காகிதத் தட்டும் காகிதக் கோப்பையும் வாங்கி அடுக்கியிருந்தார். அந்த அடுக்கு பிரிக்கப்படவே இல்லை.

தம்பி புதுச்சட்டையோடு சன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணே, வாங்க! எந்த நாற்காலி வேணுமோ எடுத்துக்குங்க. எல்லாம் உங்களுக்குத்தான்."

"சும்மா இருங்க" என்று மனைவி அவரை அதட்டினார். என்னிடம் திரும்பி, "காலையில கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா வந்துட்டுப் போனாங்க அண்ணே. நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரல" என்றார்.

"வருவாங்க லா. மருந்து முடியட்டும்" என்றார் தம்பி. "சீக்கிரம் முடிஞ்சிடும் அண்ணே. டாக்டர் கிட்டயும் கேட்டுட்டேன். முடிஞ்ச மறுநாளே பஸ் ஏறிப் போயி மகளக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன். இப்ப போன்ல பேசினா, 'அப்பா, நீங்க இன்னும் அழுக்கா இருக்கீங்களா'ன்னு கேக்குது. பாட்டி அப்படிச் சொல்லி வச்சிருக்காங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அவர் மனைவி அவருடைய தனி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் என்ன செய்தேன்? சாப்பிட்டேன். இரண்டாம் முறை கறி வாங்கிச் சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதைப் பார்த்து அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. பயப்படாத ஒரு பெரிய மனிதர் என்று நினைத்தார். பயப்பட எனக்கு என்ன இருந்தது? அது தொற்றாது என்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தானே தெரியும்! என் பொய்யையே மரியாதையாக மாற்றிக்கொண்டு அங்கிருந்து கிளம்பினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. தூக்கமும் வந்தது. ஆனால் அந்தக் குழந்தையின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் என்னைவிட இளையவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றார். வாடிக்கையாளர், முதலாளி என்று ஏதோ தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றால் பேசாமல் இருங்கள்" என்றார். கோப்பிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து விளக்குப் பலகையில் மாட்டி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மருந்தால் அவருக்குப் பயன் இருக்காது, தழும்பு இனிமேலும் வளரும் என்றார். அவரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

இதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. காசநோய் இல்லை, யாருக்கும் தொற்றாது, குழந்தையை நாளைக்கே கூட்டி வரலாம் என்பது நல்ல செய்தி. அதை முதலில் சொன்னால் மற்றது தாங்கக்கூடியதாகிவிடும் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போய் இருவரிடமும் அப்படியே சொன்னேன், என் பொய்யையும்.

தம்பி மேசையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு, "டிபின்னா மருந்து இருக்கு அண்ணே" என்றார். "இதுக்கு என்ன இருக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இருக்கா, இல்லியா? வாயத் திறந்து சொல்லுங்க."

"இல்ல தம்பி."

"அப்ப எதுக்கு வந்தீங்க?" அவர் குரல் உயரவே இல்லை. "மாத்திரையத் தின்னுக்கிட்டு, முடிஞ்சிடும், முடிஞ்சிடும்னு இருந்தேனே! அதையாச்சும் விட்டு வச்சிருக்கலாம்ல?"

குணமாகிவிடும் என்ற நம்பிக்கையையும் சேர்த்து நான் பிடுங்கியிருக்கிறேன் என்பது அவர் சொல்லும்வரை எனக்கு உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பாவம் இறங்கும் என்று படித்தவர்கள் நினைக்கிறோம். இறங்கும், இறங்கி அடுத்தவன் தலையில் உட்காரும்.

அவர் மனைவி அழவில்லை. எழுந்துபோய் அந்தத் தனித் தட்டையும் டம்ளரையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இதுல சோறு போட்டுக் கொடுத்த கை இது. என் புருஷனுக்கு நானே இப்படிப் போட்டேன். நீங்க தீபாவளிக்கு வந்து, உக்காந்து, கறி நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டீங்க. எப்படிண்ணே சாப்பிட்டீங்க?"

 

அதன்பிறகு செய்யவேண்டியவற்றைச் செய்தேன். தொழிலாளர் இழப்பீட்டுக்கு அவர் விண்ணப்பித்தபோது எந்தத் தூள், எத்தனை காலம், என்ன பாதுகாப்பு என்பதையெல்லாம் மருத்துவக் குழுவின் முன் சொன்னேன். முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மற்ற இருவரையும் பரிசோதித்தார்கள். ஒருவருக்குத் தொடக்கநிலைத் தழும்பு. அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அரசு அதிகாரிகள் வந்து போனபின் கலவை அறையில் தூசிக் குழாய் பொருத்தினார்கள். பொருத்த எவ்வளவு காலம் ஆனது என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலாளி தள்ளிப்போட்டதும், நான் கேட்கப் பயந்ததும் ஒரு வாரத்து வேலை! அந்த முளைகளையும் வாடிக்கையாளர் கொஞ்ச காலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எதையாவது உடைக்கவேண்டும் போலிருக்கிறது.

குழந்தையின் படிப்புக்கு உதவுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். தம்பியின் மனைவி காதிலேயே வாங்கவில்லை. "நீங்க செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு" என்றார். "டிபின்னு சொல்லி எங்க வீட்டு வாசல மிதிக்காதவங்க எல்லார் வீட்டுக்கும் வாங்க. நாங்களும் வர்றோம். உங்க வாயால சொல்லுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க படிச்சவங்க, சிலோன்காரவங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

போனேன். என் காரில் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். வீடு வீடாக ஏறி, உட்கார்ந்து, இவருக்குக் காசநோய் இல்லை, நான் கொடுத்த தூளால் வந்த நோய், டாக்டரிடம் நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். நான் சொல்லும்போது தம்பி பக்கத்தில் கை கட்டி உட்கார்ந்திருப்பார்.

சிலர் உடனே எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர், "அப்படியா, நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலயே" என்றார்கள். பட்டர்வொர்த் பக்கம் தம்பியின் பெரியப்பா ஒருவர் மட்டும் என்னை விடவில்லை.

"பவுடர்னு சொல்றீங்க. அப்ப நீங்க ஏன் இருமல?"

"நான் உள்ள போகல ஐயா. கண்ணாடிக்கு வெளிய நிப்பேன்."

"ஓ" என்றார் அவர். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "அது சரி. கெட்டிக்காரர்தான்" என்றார்.

தம்பி அப்போது வாய்விட்டுச் சிரித்தார். திரும்பும் வழியில், "பெரியப்பா போட்ட போடு எப்படி அண்ணே?" என்றார். அண்ணே என்று அவர் மறுபடி கூப்பிட்டது அன்றுதான். மனைவி பின்னிருக்கையிலிருந்து, "சிரிக்காதீங்க, இருமல் வரும்" என்றார்.

கடைசியாகச் சுங்கைப் பட்டாணி. மாமியாரிடம் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. மருமகனைப் பார்த்து, "புள்ளகிட்ட நான் என்னென்னமோ சொல்லிட்டேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்றது. தம்பி கையை நீட்டினார். அது பாட்டியைப் பார்த்தது. பாட்டி தலையசைத்தபின்தான் நகர்ந்தது. பினாங்கு வரும்வரை அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்தது.

அடுக்குமாடியின் கீழே இறங்கியதும் மனைவி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சொன்னதச் செஞ்சிட்டீங்க. இனிமே வராதீங்க அண்ணே. உங்களப் பாத்தா எனக்கு ஆத்திரம் வருது. பிள்ளைக்கு முன்னால அது வேணாம்."

சரி என்றேன். அதன்பிறகு போகவில்லை. 

அவர் இன்னும் சில வருடங்கள் இருந்தார். இறந்த அன்று அவர் மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா சொல்லச் சொன்னாங்க. வரணும்னா வரலாமாம். மேல வரவேணாம், கீழயே நில்லுங்கன்னு சொன்னாங்க."

கீழே நின்றேன். மோட்டார் நிறுத்தும் இடத்தில் தொழிற்சாலை ஆட்களும் சொந்தக்காரர்களும் நின்றிருந்தார்கள். சவப்பெட்டியைப் படிகளில் இறக்கி லாரியில் ஏற்றினார்கள். அந்தப் பெரியப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்வை மங்கியிருக்கவேண்டும்.

"நீங்கதானே அந்தப் பவுடர்காரர்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஆமா ஐயா."

என்னைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகிக்கொண்டார்கள். லாரி கிளம்பும்வரை அங்கேயே நின்றேன்.